முத்துக்குளித்துறையில் ஓர் அரைநாள்

தூத்துக்குடிக்கு வரும் திருப்பயணிகளின் பேருந்து பெரும்பாலும் பனிமய மாதா பேராலயத்தின் முன் அரைமணி நேரம் நிற்கும். மெழுகுதிரி ஏற்றி, செபமாலை ஒன்று வாங்கி, மக்ரூன் பொட்டலத்துடன் ஏறி அமர்ந்தால், அடுத்தது மணப்பாடு. இடைப்பட்ட அறுபது கிலோமீட்டர் தொலைவும் உறக்கத்தில் கழியும். தமிழகத் திருச்சபை வரலாற்றின் மிகப் பழைய ஏடுகளுள் பல அந்த அறுபது கிலோமீட்டரில்தான் விரிந்து கிடக்கின்றன என்பது பயணிகளுக்குச் சொல்லப்படுவதில்லை. சொல்லப்படும் செய்திகளோ அனைத்தும் ஒரே தரத்தினவல்ல. ஒரு காலைப் பொழுதைச் செலவிடக்கூடியவர்களுக்கு இவ்வழியில் எதைப் பார்க்கலாம், கேட்பவற்றுள் எதை எவ்வளவு நம்பலாம் என்று எழுதிப் பார்ப்பதே என் நோக்கம்.

விடியற்காலையில் பழைய துறைமுகத்திலிருந்து தொடங்குவது நல்லது. ஆழங்குறைந்த கடல் இது. பெரிய கப்பல்கள் கரைக்கு வர இயலாது. பல கல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பருத்திப் பொதிகளையும் ஆட்களையும் வத்தைகளிலும் தோணிகளிலும் ஏற்றிச் சென்று கப்பலில் சேர்த்தார்கள். 1876-இல் இருப்புப்பாதை இங்கு வந்த பின்னர், சென்னையிலிருந்து கொழும்பு செல்வோர் இரயிலில் இவ்வூர்வரை வந்து, இங்கிருந்தே நீராவிக் கப்பல் ஏறினர். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்படும்வரை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற ஏழைத் தமிழர் பலர் தாய்நாட்டின் மண்ணை இறுதியாக மிதித்தது இக்கரையில்தான். 1906-இல் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கியதும், காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைக் கொழும்புக்கு ஓட்டியதும், 1908-இல் சிறைப்பட்டதும் நம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவையே. தெற்கே தெரியும் புதிய துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகம் என அறிவிக்கப்பட்டது. 2011-இல் அவர் பெயர் பெற்றது.

இதே கரையில் இன்னொரு 'வி.ஓ.சி.'யும் உண்டு. கடற்கரைச் சாலையருகே 1750-இல் ஒல்லாந்தர் கட்டிய சிற்றாலயம் நிற்கிறது. இப்போது அது தென்னிந்தியத் திருச்சபையினரின் தூய திரித்துவ ஆலயம். அதில் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை பொறிக்கப்பட்டுள்ளது. அக்கம்பெனியின் டச்சுப் பெயரின் முதலெழுத்துகளும் அந்த மூன்றே. ஒரு கம்பெனியின் கப்பல் ஆதிக்கத்தோடு மோதிய தமிழரின் முதலெழுத்துகள் மற்றொரு கம்பெனியின் முத்திரையாக ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இவ்வூர்ச் சுவரில் இருந்தன! வரலாறு சில வேளைகளில் குறும்பும் செய்யும் போலும்.

இங்கிருந்து கிழக்கே பார்த்தால் தாழ்வான தீவுகள் தெரியும். முயல்தீவு இன்று துறைமுகத்தோடு இணைந்துவிட்டது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கரின் ஆட்கள் ஊரைச் சூறையாடியபோது, இயேசு சபைக் குருக்களும் பரதவ மக்களும் கரையைத் துறந்து தீவில் சில ஆண்டுகள் குடியிருந்தனர். குடிதண்ணீரும் நிழலும் அரிதான மணல்திட்டில் பிள்ளை குட்டிகளோடு ஆண்டுக்கணக்கில் வாழ்வது எத்தகைய வாழ்வு என்பதைக் கரையில் நின்றே கணிக்கலாம். இன்று அத்தீவுகளுக்கே ஆபத்து. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறைகளை நாம் பல்லாண்டு வெட்டியெடுத்தோம். 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தபோது எண்ணப்பட்ட 21 தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு 2001-இல்தான் கிடைத்தது. அதற்குள் பழைய வீடுகள் பலவற்றின் சுவர்களில் கடலடி ஏறிவிட்டது.

இனிப் பேராலயம். கோவிலின் பெயரையும் அதன் காலத்தையும் பற்றி ஐயமில்லை. பனிமய அன்னைக்கு இங்கு 1582-இல் ஆலயம் எழுந்தது. இப்போதுள்ள ஆலயம் 1713-இல் நேர்ந்தளிக்கப்பட்டது. 1982-இல், நானூறாம் ஆண்டில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதைப் பேராலயமாக உயர்த்தினார். 1806-இல் முதன்முறையாக ஓடிய பொற்றேர் எப்போதேனும் ஒருமுறையே வெளிவரும். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-இல் அதைக் கண்டோர் நம்மிடையே பலர் இருப்பர்.

ஐயம் எழுவது திருச்சுரூபத்தின் வருகையைப் பற்றி. 1555-இல் மணிலாவிலிருந்து 'சந்த எலேனா' என்னும் கப்பலில் சுரூபம் வந்ததாக நூல்களும் வழிகாட்டிகளும் ஒரே குரலில் சொல்கின்றனர். பக்தியோடு கேட்போம், ஆயினும் நாட்காட்டியையும் பார்ப்போம். ஸ்பானியர் பிலிப்பைன் தீவுகளில் குடியேறத் தொடங்கியதே 1565-இல். மணிலாவை அவர்கள் தம் நகராக்கியது 1571-இல். 1555-இல் அங்கே மாதாவின் சுரூபத்தை அனுப்பிவைக்கத்தக்க கன்னியர் மடமோ, கிறித்தவ நகரமோ இல்லை. ஆகவே ஆண்டும் ஊரும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. இரண்டில் ஒன்று விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். ஊர் உண்மையாயின் ஆண்டு பிந்தியது. 1580-இல் போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே மன்னரின் கீழ் வந்தன. ஆலயம் எழுந்த 1582-ஐ ஒட்டிய காலத்தில் மணிலாவின் பொருளொன்று போர்த்துக்கேயத் துறைக்கு வந்து சேர்வதை எண்ணிப்பார்ப்பது கடினமன்று. என் கருத்து இப்பக்கமே சாய்கிறது.

இதைச் சொல்வது மாதாவின்மீதுள்ள அன்பைக் குறைப்பதாகும் என்று சிலர் வருந்துவதுண்டு. அவ்வருத்தம் எனக்குப் புரிகிறது, ஒப்புக்கொள்ள இயலவில்லை. நம் பிள்ளைகள் கல்லூரி நூலகத்தில் பிலிப்பைன் வரலாற்றைத் தாமாகவே படித்து, 1571 என்னும் ஆண்டைக் கண்டு, ஆலயத்தில் கேட்ட எல்லாவற்றையும் ஒருசேரத் தள்ளிவிடுவதைவிட, நாமே இதைச் சொல்லிவிடுவது நலம். அச்சுரூபத்தின் முன் நான்கு நூற்றாண்டுகளாக மண்டியிட்ட மக்கள் மெய். 1658-இல் ஒல்லாந்தர் ஊரைக் கைப்பற்றிக் கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றி, ஆலயத்தைத் தம் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டனர். பால்தேயுஸ் என்னும் போதகர் அவர்களோடு வந்து, பரதவரைத் தம் சபைக்குத் திருப்ப முயன்றார். கற்றவர், நம் கரையைப் பற்றியும் இலங்கையைப் பற்றியும் பெருநூல் எழுதியவர். அவருடைய முயற்சி பலிக்கவில்லை. சுரூபம் ஊரைவிட்டு அகற்றப்பட்டுக் கொற்கைப் பக்கம் மறைத்து வைக்கப்பட்டது என்பது மக்கள் வழக்கு. குருவில்லாத, கோவிலில்லாத ஒரு கூட்டம் புதிய ஆட்சியின் சபையில் சேராமல் நின்றதற்கு மட்டும் ஒல்லாந்தரின் எழுத்தே சான்று. பின்னர் ஒல்லாந்தர் கண்டிப்பைத் தளர்த்தியதற்குக் காரணம் இரக்கமன்று. முத்துக்கும் சங்குக்கும் கடலில் இறங்க ஆள் வேண்டும், இறங்குவோர் பரதவர்.

எட்டு மணிக்குள் ஊரைவிட்டுப் புறப்படலாம். திருச்செந்தூர்ச் சாலையின் ஓரங்களில் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று விரியும். வெயில் ஏறுமுன் பாத்தியிலிருந்து உப்பை வாரிக் கரையேற்றும் பெண்களைச் சன்னல் வழியாகவேனும் பாருங்கள். கண் கூசும் அந்த வெண்மையில் நாளெல்லாம் நிற்பவர்கள் அவர்கள்.

இச்சாலையின் உண்மையான விந்தை, கடல் பின்வாங்கியதுதான். கிரேக்க, உரோமைக் கப்பலோட்டிகள் 'கொல்கை' என்று குறித்த கொற்கை, பாண்டியரின் முத்துத்துறை, இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே வயல்களின் நடுவே ஒரு சிற்றூர். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் துறையைத் தூர்த்தது. துறை கிழக்கே நகர்ந்து காயலாயிற்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குதிரைக் கப்பல்களைக் கண்டு வியந்த துறை அது. அதுவும் தூர்ந்தது, இன்றைய பழையகாயல் அதன் பெயரைச் சுமக்கிறது. பின் ஆற்றின் முகத்துவாரத்தில் புன்னைக்காயல். அதன் பின்னரே தூத்துக்குடி. ஒரே துறைமுகம் மூன்று முறை இடம் மாறிற்று எனலாம். கொற்கையில் மரணதண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்தெடுத்தனர் என்று முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலொன்று கூறும். தூய முத்து என்று நாம் பாடுவதன் பின்னே அப்படியும் ஒரு தொடக்கம் உண்டு.

பேருந்துகள் புன்னைக்காயலுக்குத் திரும்புவதேயில்லை. எனக்கு இது பெருங்குறையாகத் தோன்றுகிறது. தமிழ் அச்சு வரலாற்றை எழுதுவோர் எவரும் இவ்வூரைத் தவிர்க்க முடியாது. அண்டிரிக்கி அடிகளார் என நாம் அழைக்கும் என்றிக்கே என்றிக்கசு போர்த்துக்கலின் விலா விசோசா ஊரினர். யூத வழியில் வந்த குடும்பத்தவர். அதன் பொருட்டே பிரான்சிஸ்கு சபையிலிருந்து விலக்கப்பட்டார் என்பர். இயேசு சபை ஏற்றுக்கொண்டது. தம் நாட்டார் தம்மிடம் பார்த்த குலக்குறையை அவர் இக்கரையில் ஐம்பது ஆண்டு உழைப்பால் மறுமொழியின்றிக் கடந்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். இந்திய எழுத்தில் இந்தியாவில் அச்சாகி நம் கைக்கு எட்டியுள்ள நூல்களுள் அதுவே முதலாவது. எட்டாண்டு கழித்து 1586-இல், புனிதர் வரலாறுகளைக் கூறும் 'அடியார் வரலாறு' அறுநூறு பக்கங்களுக்கு மேல் வந்தது. அது அச்சேறிய இடம் புன்னைக்காயல் என்பதே அறிஞர் பொதுவாக ஏற்கும் கருத்து. இவ்வச்சுப் பணிக்குப் பொருள் தந்தோர் அரசரோ வணிகரோ அல்லர்; முத்துக்குளித்துறை மக்களே. எழுத்தறியாதவர் மிகுந்த ஒரு மீனவச் சமூகம், தான் படிக்க முடியாத நூலுக்குப் பணம் கொடுத்தது! அடிகளார் முத்துக்குளித்துறையிலேயே 1600-இல் காலமானார். உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. புன்னைக்காயலில் 1550-ஐ ஒட்டி மருத்துவமனை ஒன்றும் அமைத்திருந்தார். அதற்கும் செலவு மக்களுடையதே.

காயல்பட்டினத்தைக் கடக்கும்போது வழிகாட்டிகள் வழக்கமாக ஒரு கதையைச் சொல்வர். 1530-களின் தொடக்கத்தில் ஒரு முஸ்லிம், பரதவப் பெண்ணிடம் வன்முறையாக நடந்ததையும், தட்டிக்கேட்ட பரதவன் காது அறுந்ததையும், அதிலிருந்து சண்டை மூண்டதையும் கூறி, அதனாலேயே நம் முன்னோர் கிறித்தவராயினர் என்று முடிப்பர். சொல்லும் தொனி சில வேளை இன்றைய பகைக்கு எண்ணெய் ஊற்றுவதாக இருக்கும். சண்டை நடந்தது உண்மை. அதன் அடியில் கிடந்தது முத்துச் சலாபத்தின் ஆதாயம் யாருக்கு என்னும் வழக்கு. கடலில் இறங்குவோர் ஒருபுறம், படகும் முதலும் உடையோர் மறுபுறம், இருவரையும் வரி கேட்கும் அரசர்கள் மேலே. நெருக்குண்ட பரதவர், சுவான் த குரூசு என்னும் கிறித்தவக் குதிரை வணிகரின் யோசனைப்படி கொச்சிக்குத் தூது அனுப்பினர். தூதுவர் அங்கே திருமுழுக்குப் பெற்றனர். 1536, 37-இல் குருக்கள் வந்து ஏறத்தாழ இருபதாயிரம் பேருக்குத் திருமுழுக்கு அளித்தனர். 1538-இல் வேதாளையில் போர்த்துக்கேயக் கப்பற்படை பட்டு மரக்காயரின் படையை முறியடித்தது.

ஆக, நம் முன்னோர் திருமுழுக்குப் பெற்றபோது போதனை பெற்றிருக்கவில்லை, பாதுகாப்பு கேட்டனர். இதை மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பாதுகாப்பும் இலவசமாக வரவில்லை. போர்த்துக்கல் அரசியாரின் மிதியடிச் செலவுக்கென ஆண்டுதோறும் 400 குருசாதோ இக்கரையிலிருந்து தண்டப்பட்டது. அடக்கிய மூச்சோடு பல பாக ஆழத்தில், காலில் கல்லைக் கட்டி இறங்கிச் சிப்பி பொறுக்கிய மனிதன், தான் காணாத ஓர் அரசியின் காலணிக்குக் கப்பம் கட்டினான். அத்தொகையைப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கும் கணக்கப்பிள்ளைமாருக்குத் தந்துவிடுமாறு அரசியிடம் வேண்டிப் பெற்றவர் புனித சவேரியார். நம் கடற்கரைப் பங்குகளில் இன்றும் ஒலிக்கும் 'கணக்கப்பிள்ளை' என்னும் சொல் அவர் கடிதங்களில் அப்படியே இருக்கிறது.

திருச்செந்தூரில் வண்டி சற்று நிற்கட்டும். நம்மைப் பேராலயத்திலிருந்து துரத்துவதற்குப் பத்தாண்டு முன்னர், 1640-களில், அதே ஒல்லாந்தர் முருகன் கோவிலைப் பிடித்துக் கோட்டையாக்கினர்; வெளியேறும்போது திருமேனியை எடுத்துச் சென்றனர். அது கடலில் இடப்பட்டு 1653-இல் வடமலையப்ப பிள்ளையால் மீட்கப்பட்டது என்பது கோவில் வரலாறு. பதினெட்டு கிலோமீட்டர் அப்பால் ஒளித்துவைத்த சிலுவைக் கதைகளைச் சொல்லும் நமக்கு, அயலாரின் இக்கதை அன்னியமாகத் தோன்றாது.

மணப்பாட்டுக் குன்று தொலைவிலேயே தெரியும். ஒருபுறம் கடல், மறுபுறம் கழிமுகம், உச்சியில் திருச்சிலுவை ஆலயம். உடைந்த கப்பலின் பாய்மரத்தைக் கொண்டு போர்த்துக்கேயக் கப்பல் தலைவன் ஒருவன் 1540-இல் நட்ட சிலுவையிலிருந்து இத்தலம் தொடங்கியது என்பர். செப்டம்பர் 14 திருவிழாவுக்குக் கூடும் கூட்டம் சொல்லி மாளாது. வீரமாமுனிவர் தம் முதுமையில் இங்கு அதிபராக இருந்தார். அவர் இங்கேயே இறந்தார் என்று பழைய பாடநூல்கள் கூறின; 1747-இல் அம்பலக்காட்டில் என்பதே பிந்திய ஆய்வாளர் முடிவு.

குன்றின் கடல்புறச் சரிவில் உள்ள குகைக்கு இறங்கிச் செல்லுங்கள். சவேரியார் தங்கி இறைவேண்டல் செய்த இடமாக அதை வணங்குகிறோம். 1542 அக்டோபரில் கோவாவில் பயின்ற மூன்று தமிழ் இளைஞர்களுடன் அவர் இக்கரைக்கு வந்தார். தமிழ் தெரியாது. அவர்களைக் கொண்டு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து, மணியடித்துத் தெருத்தெருவாய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்தது என்று அவரே எழுதியதை எல்லா மறையுரைகளிலும் கேட்டிருக்கிறோம். மறையுரைகளில் அரிதாகவே வருபவை, 1544-இல் தம் துணைவர் மன்சிலாசுக்கு அவர் எழுதிய சிறு கடிதங்கள். சிறு வேலைகளும் எரிச்சலும் கவலையும் நிறைந்தவை அவை. யாருக்கு எவ்வளவு பணம் கொடுப்பது, எந்த ஊரில் கள்குடியை நிறுத்துவது, பிள்ளைகளை யார் கவனிப்பது என்று போகும். மக்களைக் காக்க வந்த போர்த்துக்கேயத் தளபதி தன் குதிரை வணிகத்தையே காப்பதைக் கண்டு அவர் கொள்ளும் சினம் அவற்றில் ஒளிவின்றித் தெரிகிறது. பாதுகாப்புக்காகத் திருமுழுக்குப் பெற்ற மக்களைப் பாதுகாவலர் கைவிட்டபோது, அவர்களோடு நின்றவர் திருமுழுக்குக் கொடுத்தவரே. இக்கரை மக்கள் போர்த்துக்கேயர் போன பின்னும் கத்தோலிக்கராகவே இருந்ததற்குக் காரணத்தை நான் இக்கடிதங்களில்தான் தேடுவேன்.

அவ்வாண்டு ஜூன் 16-இல் இதே மணப்பாட்டிலிருந்து எழுதிய கடிதம் ஒன்று. வடுகர் படை குமரிமுனைப் பக்கத்து ஊர்களைத் தாக்க, மக்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறிப் பசியாலும் தாகத்தாலும் மடிந்துகொண்டிருந்தனர். சவேரியார் மணப்பாட்டுத் தோணிகள் இருபதைத் திரட்டி, உதவிக்கு அன்றிரவே புறப்படுவதாக எழுதுகிறார். ஜூன் மாதத்தில் இக்குன்றின்மேல் நின்றவர்களுக்குத் தெரியும், தென்மேற்குக் காற்று குமரிப் பக்கமிருந்து எப்படி முகத்தில் அறையும் என்று. எட்டு நாள் துடுப்புப் போட்டும் தோணிகள் காற்றை எதிர்த்து முன்னேற முடியவில்லை. அவர் மணப்பாட்டுக்குத் திரும்பி, மணற்கரை வழியே குமரிக்கு நடந்தார்.